பூகம்ப மாதேசு வாங்கிய கிம்பல்

சங்ககிரி மாதேஸ்வரன் வாங்கிய கிம்பலைப் பூமிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தால், உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த நாட்டிலும் பூகம்பம் என்ற ஒன்றே வந்திருக்காது. கடலில் அலை அடித்திருக்காது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஒரு சொட்டுத் தளும்பாமல் வரிசையில் நடந்துபோய்த் தஞ்சாவூரில் கைகட்டி நின்றிருக்கும். சங்ககிரி மலை லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது என்பதே, அந்தக் கிம்பலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வரவும். அதற்குப் பொட்டு வைத்திருக்கிறது.

கிம்பல் என்பது கேமராவை ஏந்திப் பிடிக்கும் ஒரு கைப்பிடி. உள்ளே சின்னச் சின்னதாக மூன்று மோட்டார்கள். கை இந்தப் பக்கம் நடுங்கினால் மோட்டார் அந்தப் பக்கம் இழுத்துச் சரிசெய்துவிடும். கை என்ன கூத்தாடினாலும் படம் மட்டும் அசையாது. மாதேஸ்வரனின் மனைவி மைதிலி இதையெல்லாம் முழுதாகக் கேட்டுவிட்டு அதற்குக் "குச்சி" என்று பேர் வைத்தாள்.

மாதேஸ்வரனின் கைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பதினாறு வருசம், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். சத்தீஸ்கர், ராஜஸ்தான், ஒரு தடவை கப்பலேறி ஆப்பிரிக்காவும் போய் வந்தார். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று பாறையைக் குடையும்போது அந்த அதிர்வு லீவரைப் பிடித்திருக்கும் கை வழியாக ஏறித் தோள் வரைக்கும் வரும். வேலை முடிந்ததும் பாறை நின்றுவிடும், கை நிற்காது. வருசத்துக்குப் பத்து மாதம் வெளியூர். ஊருக்கு வந்தால் மகள் "யாரும்மா இவரு?" என்று கேட்கும் வயசில் ஒரு வருசம், கேட்காமலேயே கதவுக்குப் பின்னால் போய் நிற்கும் வயசில் ஒரு வருசம் என்று காலம் ஓடியது. ஒருநாள் போதும் என்று வந்துவிட்டார்.

வந்தவர் பிடித்த தொழில்தான் வேடிக்கை. ஒரு பழைய கேமராவை வாங்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்காதவர்கள்கூட லாரி பூஜைக்கு எடுத்துவிடுவார்கள். நாமக்கல்லில் பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, முகப்பில் மாலை தொங்க வண்டி வெளியே வரும்போது முதலாளியின் கண் கலங்கும். அது வீடியோவில் விழுந்தாக வேண்டும். மாதேஸ்வரன் எடுத்ததில் எல்லாம் விழுந்தது. கண் கலங்கியது, வண்டி கலங்கியது, கோயில் கோபுரம் கலங்கியது, அர்ச்சகர் மூன்று பேராகத் தெரிந்தார்.

போன வருசம் யாரோ ஒரு வேலையற்ற பிறவி, அவர் எடுத்த ஒரு பூஜை வீடியோவை வெட்டி, செய்தி வாசிப்பது போலக் குரல் கொடுத்து, "சங்ககிரியில் ரிக்டர் அளவுகோலில் ஏழு புள்ளி இரண்டு" என்று ஊர் முழுக்க உலவவிட்டது. ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள் வரைக்கும் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பேர் பூகம்ப மாதேசு. செய்தது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. காவல்துறைக்கே சவாலான காரியம் என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

மகள் மதுமதியைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. பிளஸ் ஒன்னில் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு, கணக்கும் அவளும் இனி ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று பேசி முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அப்பா எடுப்பதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருவது அவள் வேலை. பதினேழு வயசு. அடக்கமான பெண். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய பழைய ரிக் முதலாளி குமாரசாமி புது ரிக் வண்டி இறக்கினார். வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு, கெட்டவர் இல்லையென்பதால், நேராகவே சொன்னார்.

"மாதேசு, வெள்ளிக்கிழமை பூச. நீயே வந்து புடி. ஆடாம வந்துச்சுன்னா நம்ம சங்கத்துல இருக்கற அத்தன வண்டிக்கும் நீதான். ஆடுச்சுன்னா கேமராவ மக கைல குடுத்துட்டு அதே வண்டில ஏறிக்க. ராய்ப்பூர்ல டிரில்லர் இல்லாம தவிக்கறானுக. பெட்டியக் கையோட எடுத்தாந்துரு, அப்பறம் ஊட்டுக்குப் போயி வாரேங்கற பேச்சு வேண்டாம்."

மாதேஸ்வரன் சரீங்க என்றார். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது; பதினாறு வருசப் பழக்கம். அன்று ராத்திரி மைதிலியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். மகளுக்குச் சொல்ல வேண்டாம், விளையாட்டுப் பிள்ளை, அவளுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார். தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தார். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் "மாதேஸ்வரன், டிரில்லர், சங்ககிரி" என்று எழுதியிருந்தது. எழுத்து நேராக இருந்தது. அது கை நடுங்குவதற்கு முன்னால் எழுதியது.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் கிம்பல் வாங்க வேண்டும்.

சங்ககிரியில் ஒருவர் எதை வாங்கினாலும் தனியாக வாங்க முடியாது. டீக்கடையில் பேச்சு கிளம்பியதும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் பன்னிரண்டு சக்கர லாரி வைத்திருக்கும் வேல்முருகன். அவர் கொள்கை ஒன்றே ஒன்று: எதை வாங்கினாலும் இன்றைக்கு ஏற்றும் பாரத்தைப் பார்க்கக் கூடாது, செக்போஸ்டில் மாட்டும் பாரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொருவர் மேச்சேரியில் ஆடு தரகு பண்ணும் தீர்த்தகிரி. கிம்பல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் விற்கிறவன் கண்ணைப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவாராம். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் சேலம் போனார்கள்.

கடையில் இளஞ்செழியன் என்ற பையன் மூன்று கிம்பல்களை எடுத்து வைத்தான். சின்னது, நடுத்தரம், பெரியது. வேல்முருகன் சின்னதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். ஷேர் ஆட்டோவையெல்லாம் எதற்கு எடுத்துக் காட்டுகிறாய் என்றார். பெரியது நாலரை கிலோ தாங்கும் என்று பையன் சொன்னதும் முகம் மலர்ந்து, ஓவர்லோடு எவ்வளவு போகும், ஏற்றத்தில் இழுக்குமா, பட்டறைக்கு எத்தனை மாசத்துக்கு ஒருதரம் விட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். மாதேஸ்வரனின் கேமரா முக்கால் கிலோ இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீர்த்தகிரி நடுத்தரத்தின் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். முதுகெலும்பைத் தடவினார். கீழே திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கொஞ்சம் நடக்கவிட்டுக் காட்டச் சொன்னார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையனின் கைமேல் போட்டுவிட்டு, துண்டுக்குள் கையை விட்டு அவன் விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். எந்த விரல், எத்தனை விரல் என்று பிடிப்பதிலேயே பேரம் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இளஞ்செழியனுக்கு இது தெரியாது. அவன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஏங்க, இவருக்கு என்னங்க வேணும்?" என்று மாதேஸ்வரனைப் பார்த்துக் கேட்டான்.

"பயப்படாதீங்க தம்பி. வெல கேக்கறாரு" என்றார் மாதேஸ்வரன்.

இந்தக் களேபரத்தில் அவர் பெரியதைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் கை எப்போதையும்விட அதிகமாக உதறியது. சின்னது கேமராவைத் தூக்க முடியாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கடைசியில் நடுத்தரத்தை எடுத்தார். பையன் கேமராவை அதில் பொருத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி எடை சமமாக்கி, சுவிட்சைப் போட்டான். சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. மாதேஸ்வரன் கேமராவின் சின்னத் திரை வழியாக அதைப் பார்த்தார். தேதி தெரிந்தது. நல்ல நேரம் தெரிந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த சந்திராஷ்டமம்கூடத் தெரிந்தது. குனிந்து தன் கையைப் பார்த்தார். கை வழக்கம்போல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தார். எழுத்து நின்றுகொண்டிருந்தது. ஒருதரம் கை, ஒருதரம் எழுத்து என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது போதுங்க" என்றார் மாதேஸ்வரன்.

கேட்காமல் வாங்கியதில் துணைக்கு வந்த இருவருக்கும் வருத்தம். பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இளஞ்செழியன் நல்ல பையன். எடையைச் சமன் செய்து பூட்டிவிட்டேன், கேமராவைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்துத் தருகிறேன், நாலு நாள் வீட்டில் பழகிப் பாருங்கள், இதன்மேல் ஒரு நூலைக்கூடத் தொங்கவிடாதீர்கள், சமன் கெட்டால் மோட்டார் பைத்தியம் பிடித்த மாதிரி உதறும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினான். மாதேஸ்வரன் இரண்டு முறையும் தலையாட்டினார்.

வீட்டில் மைதிலி பெட்டியைத் திறக்கவே விடவில்லை. திங்கள்கிழமை அஷ்டமி. செவ்வாய் ஆகாது. புது வண்டியைப் பூஜை போடாமல் யாராவது ஸ்டார்ட் பண்ணுவார்களா? வெள்ளிக்கிழமை ரிக்குக்குப் போடும் பூஜையிலேயே இதற்கும் போட்டுத்தான் திறக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சார்ஜ் ஏற்ற வேண்டுமே என்றார் மாதேஸ்வரன். சாப்பாடு போடுவதில் தப்பில்லை என்று அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பெட்டியின் ஓரத்தில் ஒயர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, நாலு நாளும் வேளாவேளைக்கு ஊட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ஒரு மாரியம்மன் கோயில் முன்னால் ரிக் வண்டி மாலையோடு நின்றது. மாதேஸ்வரனின் தகரப் பெட்டி அதன் கேபினில் ஏறிவிட்டது. அதை அவரே ஏற்றினார். மதுமதி கையில் போனோடு பின்னால் வந்தாள்.

ரிக்குக்குச் சந்தனம் வைத்த கையோடு குமாரசாமியின் மனைவி நல்லம்மாள் கிம்பலுக்கும் மூன்று மோட்டாரிலும் பொட்டு வைத்தார். கண் படாமலிருக்க ஒரு எலுமிச்சையும் நாலு பச்சை மிளகாயும் கோத்துக் கட்ட வேண்டும் என்றார். மதுமதி ஓடிப்போய்க் கோத்து எடுத்துக்கொண்டு வந்து கேமராவுக்குக் கீழே கட்டினாள். ஒரு நூலைக்கூடத் தொங்கவிடாதே என்று கடைக்காரப் பையன் சொன்னது மாதேஸ்வரனுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் எலுமிச்சையைப் பாரம் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சாமி சமாச்சாரம்.

சுவிட்சைப் போட்டார்.

கிம்பல் முதலில் தலையைத் தூக்கியது. பிறகு இல்லை இல்லை என்றது. பிறகு ஆமாம் ஆமாம் என்றது. பிறகு உர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உச்சிமுதல் அடிவரை உதறியது. ஒற்றை எலுமிச்சைக்கு இவ்வளவு ஆட்டமா என்பது விஞ்ஞானிகள் ஆராய வேண்டிய விஷயம்.

"கைல இருந்தது அதுக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதே மாதேசு" என்றார் குமாரசாமி, மெதுவாக.

மாதேஸ்வரன் அதைக் கீழே வைத்தார். அதற்கு மூன்று குட்டிக் கால்கள் உண்டு. தரையில் நின்றும் அது ஆடியது. கையே படாமல் ஆடியது. தன் நடுக்கம் தனியாக எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. கேபினில் பெட்டி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

நல்லம்மாள்தான் கையெடுத்துக் கும்பிட்டார். சாமி வந்திருக்கிறது என்றார். கூட்டம் சட்டென்று ஒதுங்கி வட்டமாக நின்றது. எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று அவர் பயபக்தியோடு கேட்க, கிம்பல் தலையை ஆட்ட, பூஜைக்கு வந்திருந்த வேல்முருகன் எண்ணினார். ஏழு ஆட்டம், எழுநூறு அடி என்றார். கடைசியாக ஒரு பாதி ஆட்டம் வந்ததே என்று தீர்த்தகிரி மறுத்தார். எழுநூற்றைம்பது என்று பேசி முடித்தார்கள். ரிக் மேனேஜர் குறித்துக்கொண்டார்.

அப்புறம் கற்பூரம் ஏற்றினார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மாதேஸ்வரனும் மூடினார். அம்மனிடம் அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ராய்ப்பூரில் இந்த மாசம் வெயில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது கிம்பல் நின்றிருந்தது. கல்லில் செதுக்கியது போல. எப்படி நின்றது, யார் நிறுத்தியது என்பதெல்லாம் மனுச அறிவுக்கு எட்டாதது. அம்மன் செயல் என்று எழுதிவிடுவதுதான் மரியாதை.

மாதேஸ்வரன் அதைக் கையில் எடுத்தார். கை நடுங்கியது. திரை நடுங்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சைகள் நசுங்கி வண்டி நகர்ந்ததை எடுத்தார். பூசணிக்காய் சிதறியதை, ஒவ்வொரு சில்லும் போய் விழுந்த இடம்வரைக்கும் எடுத்தார். ரிக்கின் நெடுங்கம்பம் மெல்ல மெல்ல எழுந்து நேராக நின்றதைக் கீழிருந்து மேல்வரை ஒரே வீச்சில் எடுத்தார். குமாரசாமியின் கண் கலங்கியது. அது மட்டும்தான் கலங்கியது.

குமாரசாமி திரையில் அதை ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேபின் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டிய எறக்குங்கப்பா" என்றார்.

இவ்வளவுதான் மாதேஸ்வரன் கிம்பல் வாங்கிய கதை.

இதை மதுமதி பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதி முடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அப்பா அதைப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் வெகுநேரமாகப் படித்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் எழுதிருக்கற அம்மிணி" என்றார். "ரெண்டு மூணு எடத்துல பொய் இருக்குது."

"எங்கீங்கப்பா?"

அவர் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து நோட்டின்மேல் வைத்தார். காய்ந்து சுருங்கிப்போன ஒரு எலுமிச்சை. ஒரு பக்கம் கீறியிருந்தது. கீறலுக்குள் ரிக் வண்டியின் இரும்பு நட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பூச முடிஞ்சு கீழ கெடந்துச்சு. பதினாறு வருசம் அந்த நட்டத்தான் முடுக்குனேன், எனக்குத் தெரியாதா. கோத்துக் கட்டுனது யாரு?"

மதுமதி தலை துவட்டுவதை நிறுத்தவில்லை. துண்டு முகத்தை மறைத்திருந்தது வசதியாக இருந்தது.

"அந்தப் பூகம்பம் வீடியோ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அது நம்மூட்டுக் கம்ப்யூட்டர உட்டு வெளியவே போகாத வீடியோ. நாந்தான் மொதல்ல நாலு பேருக்கு அனுப்புனேன். நல்லாத்தான இருந்துச்சு" என்றார். "ஆனா இதப் பாரு."

அவர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். கிம்பல் தரையில் நின்றபோது கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. படம் தாறுமாறாக ஆடியது. ஆட்டத்துக்கு நடுவே மதுமதி, கிம்பல் சாமியாடுவதை உயரத்திலிருந்து எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கேபின் படியில் ஏறினாள். ஏறினவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அங்கே தகரப் பெட்டியின் வெள்ளை எழுத்து. போன் கீழே இறங்கியது. கற்பூர வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணை மூடி நிற்க, அவள் ஒருத்தி மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் மண்டியிட்டாள். கையில் பிளேடு. நூல் அறுந்தது.

படத்தின் ஆட்டம் நின்றது. அந்தக் கிம்பல் தன் வாழ்க்கையில் ஆடாமல் எடுத்த முதல் காட்சி, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம். ஒவ்வொரு கண்ணிமையும் தனித்தனியாகத் தெரிந்தது.

மாதேஸ்வரன் அதை அப்படியே நிறுத்தி வைத்தார். நோட்டை எடுத்து மகளிடம் நீட்டினார். நோட்டு நடுங்கியது.

"அம்மன் செயலுன்னு எழுதிருக்கற" என்றார். "அத அடிச்சுட்டுப் பேர ஒழுங்கா எழுது சாமி."